தூங்குவதா, காவல் காப்பதா?

சில மாதங்களுக்கு முன்பு, என்னிடம் பொருளியல் படித்த மாணவர் ஒருவரின் தந்தை என் வீட்டுக்கு வந்திருந்தார். முப்பது ஆண்டுகளாக லாரி ஓட்டுபவர். திருச்செங்கோட்டிலிருந்து மகாராஷ்டிரத்தின் பிவண்டிக்கு நூல் மூட்டைகளை ஏற்றிச் சென்றுவிட்டுத் திரும்பியிருந்தார். 1,200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தை முடித்து இரவு பத்து மணி அளவில் கிடங்கை அடைந்திருக்கிறார். காலை ஒன்பது மணிக்குத்தான் வண்டியை உள்ளே விடுவோம், அதுவரை வாசலில் நிறுத்தக் கூடாது என்று காவலாளி சொல்லிவிட்டார். சற்றுத் தொலைவில், விளக்கில்லாத சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேபினிலேயே கண்ணயர்ந்திருக்கிறார். விடியற்காலையில் எழுந்து பார்த்தபோது டீசல் டேங்கின் மூடி உடைந்து கிடந்தது. ஏறத்தாழ 180 லிட்டர் டீசலைக் குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டு போய்விட்டார்கள்.

லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும் டீசலில் 180 லிட்டர் என்பது 16 ஆயிரம் ரூபாய்க்கும் அதிகம். அந்தத் தொகையை உரிமையாளர் மூன்று தவணைகளாக அவருடைய ஊதியத்தில் பிடித்துக்கொண்டார். காவல் நிலையத்துக்குப் போகவில்லையா என்று கேட்டேன். மொழி தெரியாத ஊர், சரக்கை இறக்க வேண்டும், திரும்பும் லோடு காத்திருக்கிறது, ஒரு நாள் நின்றால் ஒரு நாள் படி போய்விடும் என்று காரணங்களை அடுக்கினார். பிறகு அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. "தூங்குனா டீசல் போயிருதுங்க சார், தூங்காம ஓட்டுனா உசுரு போயிருதுங்க."

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் லாரித் தொழில் என்பது பலவற்றுள் ஒன்றான தொழில் அன்று. அதுவே ஊரின் பொருளாதாரம். லாரிகளுக்குக் கூண்டு கட்டுவதிலும், சமையல் எரிவாயு டேங்கர் லாரிகளை இயக்குவதிலும் நாமக்கல் நாடறிந்த பெயர். காஷ்மீரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வூர் வழியாகவே செல்கிறது. இங்கிருந்து புறப்படும் ஓட்டுநர் பத்து, பதினைந்து நாள்கள், சில வேளைகளில் ஒரு மாதம் வரை வீடு திரும்புவதில்லை. நம் வீட்டுச் சமையலறைக்கு வரும் பருப்பும், குழந்தைக்கு வாங்கும் மருந்தும், கையில் வைத்திருக்கும் கைப்பேசியும் அவர்களில் ஒருவர் ஏதோவொரு சாலையோரத்தில் கழித்த இரவைக் கடந்தே நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன.

அந்த இரவில் என்னென்ன நேர்கின்றன என்பதை அறிய, ஓட்டுநர்கள் பலரிடம் பேசினேன். அவர்கள் கூறியவற்றைத் தொகுத்தால் நெடுஞ்சாலைத் திருட்டு நான்கு வகைப்படுகிறது.

முதலாவது, நின்றிருக்கும் வண்டியிலிருந்து பொருள்களைக் களவாடுவது. டீசல், பேட்டரி, ஸ்டெப்னி, தார்ப்பாய், கயிறு என்று கழற்றக்கூடிய எதுவும் தப்பாது. தொகை சிறியது என்பதால் பெரும்பாலும் புகார் கொடுக்கப்படுவதில்லை. எனவே கணக்கிலும் வருவதில்லை. இரண்டாவது, ஓடும் வண்டியிலிருந்து சரக்கைத் திருடுவது. மலைப்பாதை ஏற்றங்களில் பாரம் ஏற்றிய லாரி மனிதர் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து செல்லும். அப்போது பின்புறம் தொற்றி ஏறுபவர்கள் தார்ப்பாயைக் கத்தியால் கிழித்து மூட்டைகளைக் கீழே தள்ளிவிடுவார்கள். பின்னால் வரும் சிறிய வண்டி அவற்றைப் பொறுக்கிக்கொள்ளும். சரக்கு இறக்கும் இடத்தில் எண்ணிக்கை குறையும்போதுதான் ஓட்டுநருக்கே செய்தி தெரியவரும்.

மூன்றாவது, வண்டியையே வழிமறித்துக் கொள்ளையிடுவது. 2020 ஆகஸ்டில் ஆந்திரத்தின் நகரி அருகிலும், அதே ஆண்டு அக்டோபரில் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி அருகிலும், சென்னைப் புறநகர்த் தொழிற்சாலைப் பகுதியிலிருந்து மும்பைக்குக் கைப்பேசிகளை ஏற்றிச் சென்ற கன்டெய்னர் லாரிகள் மறிக்கப்பட்டன. ஓட்டுநர்கள் தாக்கப்பட்டார்கள்; பல கோடி ரூபாய் மதிப்புள்ள கைப்பேசிகள் பறிபோயின. சூளகிரி வழக்கில் தமிழகக் காவல்துறையினர் மத்தியப் பிரதேசம் வரை சென்று குற்றவாளிகளைத் தேட வேண்டியிருந்தது. அச்சம்பவங்கள் செய்தியாயின, காரணம் சரக்கின் மதிப்பு. வெங்காயமோ சிமென்ட்டோ ஏற்றிய வண்டியின் ஓட்டுநர் தாக்கப்பட்டால் அது உள்ளூர்ச் செய்தியாகவும் ஆவதில்லை.

நான்காவது, நட்பு பாராட்டி மயக்க மருந்து கொடுப்பது. இது எந்த அளவுக்குச் செல்லும் என்பதற்கு 2018 செப்டம்பரில் போபால் வட்டாரத்தில் வெளியான உண்மைகளே போதும். மண்டிதீப் என்னும் ஊரில் பகலில் தையல் வேலை பார்த்துவந்த ஒருவரும் அவருடைய கூட்டாளிகளும் கைதானார்கள். தாபாக்களில் ஓட்டுநர்களுடன் பேச்சுக் கொடுத்துப் பழகி, உணவிலோ பானத்திலோ மயக்க மருந்தைக் கலந்து, பின்னர் கழுத்தை நெரித்துக் கொன்று, லாரியையும் சரக்கையும் விற்றுவிடுவது அவர்களின் வழக்கம் என்று காவல்துறை தெரிவித்தது. பல ஆண்டுகளாக, பல மாநிலங்களில், முப்பதுக்கும் மேற்பட்ட ஓட்டுநர்களும் கிளீனர்களும் இப்படிக் கொல்லப்பட்டதாக விசாரணையில் கூறப்பட்டது. இத்தனை கொலைகள் நடந்தும் அவற்றை ஒரே கண்ணியில் கோக்க ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின? ஓட்டுநர் ஒரு மாநிலத்தவர். கொல்லப்பட்ட இடம் வேறொரு மாநிலம். வண்டி விற்கப்பட்டது இன்னொரு மாநிலம். ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் அது ஒரு தனி வழக்கு. வழிநெடுக வாழ்பவர்களுக்கு எந்த ஊரும் சொந்த ஊர் ஆவதில்லை என்பதன் விலை அது.

இந்த நால்வகைக் குற்றங்களுக்கும் பொதுவான காரணம் ஒன்று உண்டு. வண்டி நிற்கக் கூடாத இடத்தில் நிற்கிறது. பாதுகாப்பாக நிறுத்துவதற்கு இடம் இல்லாததால் இருட்டில் நிற்கிறது. வெளிச்சம் இருக்கும் இடங்களான சுங்கச்சாவடிகளின் ஓரமும் பெட்ரோல் பங்க்குகளின் முற்றமும் மாலையிலேயே நிரம்பிவிடுகின்றன. டீசல் நிரப்பாத வண்டியைப் பங்க்கில் நிற்கவிடுவதில்லை. தாபாவில் நிறுத்தினால் சாப்பிட்டாக வேண்டும். சாப்பிட்டாலும் வண்டிக்கு அங்கே யாரும் பொறுப்பேற்பதில்லை.

அமெரிக்காவில் இதே நிலைமை ஒரு சட்டத்துக்கே வழிவகுத்தது. 2009 மார்ச்சில் ஜேசன் ரிவன்பர்க் என்ற லாரி ஓட்டுநர், தென் கரோலினா மாநிலத்தில் பால் சரக்கை இறக்க வேண்டிய இடத்துக்குக் குறித்த நேரத்துக்கு முன்பே சென்றுவிட்டார். முன்கூட்டி உள்ளே செல்ல வழியில்லாததால், கைவிடப்பட்ட ஒரு பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஓய்வெடுத்தார். அங்கே அவரைச் சுட்டுக் கொன்றவனுக்குக் கிடைத்தது ஏழு டாலர். அவருடைய மனைவியும் மற்ற ஓட்டுநர் குடும்பங்களும் விடாது போராடியதன் விளைவாக, 2012-இல் இயற்றப்பட்ட மத்திய நெடுஞ்சாலைச் சட்டத்தில் லாரி நிறுத்துமிடங்களை அமைப்பதற்கு நிதி ஒதுக்க வழிசெய்யும் பகுதி 'ஜேசன் சட்டம்' என்ற பெயரிலேயே இடம்பெற்றது. ஐரோப்பிய ஒன்றியமோ, ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும் என்று விதித்ததோடு நிற்காமல், பாதுகாப்பான நிறுத்துமிடம் என்றால் வேலி, வெளிச்சம், கண்காணிப்பு, கழிப்பறை ஆகியவை எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு வெண்கலம் முதல் பிளாட்டினம் வரை நான்கு நிலைகளை 2022-இல் வகுத்துள்ளது. ஓய்வெடு என்று சட்டம் சொன்னால் மட்டும் போதாது, ஓய்வெடுக்க இடமும் வேண்டும் என்பதை அவர்கள் பட்டறிந்து கற்றிருக்கிறார்கள்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை குறைந்தது அரை மணி நேர ஓய்வு என்றெல்லாம் வகுத்தது. தொழிலாளர்கள் இரவு தங்க நேரும் இடங்களில் ஓய்வறையை வேலையளிப்பவரே அமைத்துத் தர வேண்டும் என்றும் கூறியது. ஆனால், அது ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களுக்குரிய சட்டம். நம் லாரி உரிமையாளர்களில் பெரும்பாலோர் ஓரிரு வண்டிகளை வைத்திருப்பவர்கள். அவர்களில் பலர் நேற்றுவரை தாமே வண்டி ஓட்டியவர்கள். பிவண்டியிலோ நாக்பூரிலோ ஓய்வறை கட்ட அவர்களால் எப்படி இயலும்? அச்சட்டம் 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இணைக்கப்பட்டுவிட்டது. பெயர் மாறியதே தவிர, சிறு உரிமையாளரிடம் வேலை பார்க்கும் ஓட்டுநரின் இரவு மாறவில்லை.

இன்னொரு மாற்றத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். முன்பெல்லாம் நீண்ட தூர லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருப்பார்கள், அல்லது ஓட்டுநருடன் ஒரு கிளீனராவது இருப்பார். ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருப்பார். தேசிய அனுமதி பெற்ற லாரிகளில் இரண்டு ஓட்டுநர்கள் கட்டாயம் என்ற விதியே இருந்தது. 2018 நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தம் அக்கட்டாயத்தை நீக்கியது. அதே திருத்தம், வண்டியின் இருப்பிடத்தைக் காட்டும் கருவியைப் பொருத்தச் சொன்னது. கருவி, வண்டி எங்கே நிற்கிறது என்பதை உரிமையாளருக்குக் காட்டும். இரவு இரண்டு மணிக்கு டேங்க் அருகே யாரோ நடமாடும் ஓசை கேட்டால் எழுந்து உட்கார்ந்து 'யாரது?' என்று குரல் கொடுக்காது.

இதை யாருடைய பேராசை என்றும் சொல்லிவிட முடியாது. டீசல் விலை, சுங்கக் கட்டணம், காப்பீட்டுத் தொகை, டயர் விலை என எல்லாச் செலவுகளும் ஏறிவந்த காலத்தில் வாடகை அதற்கு ஈடாக ஏறவில்லை. ஆயிரக்கணக்கான சிறு உரிமையாளர்கள் ஒரே சரக்குக்குப் போட்டியிடும் சந்தையில் விலையை முடிவு செய்பவர் சரக்கை அனுப்புபவரும் இடைத்தரகரும்தான். உரிமையாளரால் குறைக்க முடிந்த ஒரே செலவு இரண்டாவது ஆளின் கூலி. அந்தச் சேமிப்பு குறைந்த வாடகையாகச் சரக்கு அனுப்புபவரிடம் போய்ச் சேர்ந்தது. அதனால் கூடிய அபாயம் ஓட்டுநரிடம் வந்து சேர்ந்தது.

பொருளியல் மாணவர்களுக்கு நான் கற்பித்த ஒரு கருத்து இங்கே பயன்படும். அமெரிக்கச் சட்ட அறிஞரும் நீதிபதியுமான குயிடோ காலப்ரேசி, விபத்துகளின் செலவைப் பற்றி 1970-இல் வெளியிட்ட நூலில் ஓர் எளிய அளவுகோலை முன்வைத்தார். ஓர் இழப்பைக் குறைந்த செலவில் தடுக்கக்கூடிய நிலையில் யார் இருக்கிறாரோ, அவர் மீதே அந்த இழப்பின் பொறுப்பைச் சுமத்த வேண்டும். அப்போதுதான் இழப்பைத் தடுக்கும் முயற்சி நடக்கும் என்பது அதன் சாரம். பிவண்டியில் நடந்த டீசல் திருட்டை யார் குறைந்த செலவில் தடுத்திருக்க முடியும்? சுற்றுச்சுவரும் விளக்கும் காவலாளியும் ஏற்கெனவே வைத்திருந்த கிடங்குக்காரர், வாயிற்கதவைத் திறந்து வண்டியை உள்ளே விட்டிருந்தால் போதும். அவருக்கு அதனால் ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால், இழப்பில் ஒரு காசுகூட அவர் மீது விழாததால் கதவைத் திறக்க அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. இழப்பு முழுவதும் விழுந்ததோ, அதைத் தடுக்க எந்த வழியும் இல்லாத, விழித்திருப்பதைத் தவிர வேறு ஆயுதம் இல்லாத மனிதர் மீது.

சட்டம் இப்படிச் சொல்லவில்லை என்பதே இதில் வேதனை. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007-இன்படி, சரக்கு தொலைந்தால் பொறுப்பு அதைக் கொண்டுசெல்ல ஒப்புக்கொண்ட போக்குவரத்து நிறுவனத்துடையது. அனுப்பியவர் அதிக மதிப்பை அறிவித்திராவிட்டால் அந்தப் பொறுப்பு வாடகையின் பத்து மடங்குக்கு மேற்படாது என்றும் விதிகள் கூறுகின்றன. அதாவது, வணிக நிறுவனத்துக்குச் சட்டம் ஓர் உச்சவரம்பை அளித்துப் பாதுகாக்கிறது. ஊதியத்தைப் பொருத்தவரை, 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமும் அதன் இடத்தில் வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் தெளிவாகவே பேசுகின்றன. ஒப்படைக்கப்பட்ட பொருள் தொலைந்தால், அது தொழிலாளியின் கவனக்குறைவாலோ தவறாலோ நேரடியாக நேர்ந்தது என்றால் மட்டுமே ஊதியத்தில் பிடித்தம் செய்யலாம். அதற்கு முன்பு அவருடைய விளக்கத்தைக் கேட்க வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டுத் தூங்குவது எந்த அகராதியில் கவனக்குறைவு ஆகும்? ஆனால், இத்தொழிலில் ஊதியத்தின் பெரும்பகுதி ட்ரிப் கணக்கில், மைலேஜ் கணக்கில், வாய்மொழியாகவே தீர்க்கப்படுகிறது. எழுத்தில் இல்லாத கூலியைச் சட்டத்தால் காப்பாற்ற முடிவதில்லை.

உரிமையாளர்களின் தரப்பையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். 'எல்லா ஓட்டுநர்களும் உத்தமர்கள் இல்லை; டீசலை வழியில் விற்றுவிட்டுத் திருட்டுப் போனதாகச் சொல்பவர்களும் உண்டு; கூட்டுச் சேர்ந்து சரக்கைக் கைமாற்றியவர்களும் உண்டு' என்று அவர்கள் சொல்கிறார்கள். உண்மைதான். சரக்கு ஏற்றிச் செல்பவரே நம்பிக்கை மோசடி செய்தால் ஏழாண்டுகள் வரை தண்டனை என்று குற்றவியல் சட்டம் தனியாகவே கூறுகிறது என்றால், அக்குற்றம் புதியதன்று என்பதே பொருள். ஆனால், ஒருவர் மீது ஐயம் இருந்தால் அதை நிரூபிப்பதே முறை. ஐயத்தின் பேரில் எல்லோரிடமும் அபராதம் வசூலிப்பது முறையாகாது. டீசல் அளவை நொடிதோறும் பதியும் உணரிகள் இன்று கிடைக்கின்றன. வண்டி நின்றிருந்த இடம், இன்ஜின் அணைந்திருந்த நேரம், எரிபொருள் சட்டெனக் குறைந்த கணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விற்பனையா, திருட்டா என்பதைப் பெருமளவு கண்டுவிடலாம். அக்கருவி உரிமையாளரைக் காப்பதைப் போலவே நேர்மையான ஓட்டுநரையும் காக்கும். இன்றைய நடைமுறையோ நேர்மையானவரைத் தண்டித்து, 'எப்படியும் பிடிக்கத்தானே போகிறார்கள்' என்ற எண்ணத்துக்கு அவரைத் தள்ளுகிறது.

இது ஓட்டுநர், உரிமையாளர் ஆகிய இருவருக்கு இடையிலான வழக்கு மட்டுமே என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. 2020-இல் சேவ்லைஃப் அறக்கட்டளை லாரி ஓட்டுநர்களிடம் நடத்திய ஆய்வில், களைப்பிலும் தூக்கக் கலக்கத்திலும் வண்டியை ஓட்டுவதாக ஏறத்தாழப் பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். தூக்கம் கெடுவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் திருட்டுப் பயமும் ஒன்று என்பதை நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இரவெல்லாம் டேங்கைக் காவல் காத்தவர் மறுநாள் அதே 44-ஆம் எண் சாலையில் நம் காருக்குப் பின்னால் வருகிறார். திருடப்பட்டது 16 ஆயிரம் ரூபாய் டீசல் என்று முதல் கணக்கில் தெரிகிறது. அடுத்தடுத்த இரவுகளில் திருடுபோகும் தூக்கத்தின் விலையை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஓட்டுநரின் உயிரச்சம் திருடர்களோடும் முடிவதில்லை. விபத்து நேர்ந்துவிட்டால், தவறு யாருடையதாயினும், கூடும் கூட்டம் பெரிய வண்டியின் ஓட்டுநரையே அடிக்கும். விபத்தை ஏற்படுத்திவிட்டுக் காவல்துறைக்கோ நீதித்துறை நடுவருக்கோ தெரிவிக்காமல் தப்பினால் பத்தாண்டுகள் வரை சிறை என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2)-ஆவது பிரிவு கூறியதை எதிர்த்து 2024 ஜனவரித் தொடக்கத்தில் பல மாநிலங்களில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தது நினைவிருக்கலாம். அடிபட்டவரைச் சாலையில் விட்டுச் செல்வதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால், நின்றால் கூட்டம் அடித்துக் கொல்லும், ஓடினால் சிறை என்ற நிலையில் ஒருவரை வைத்துவிட்டு, நிற்காததற்கு மட்டும் தண்டனையை உயர்த்துவது முழுமையான நீதியாகாது. 2024 ஜூலை 1-இல் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. நிறுத்திவைத்த காலத்தில், நிற்பவரைப் பாதுகாக்கும் ஏற்பாட்டையும் சேர்த்துச் சிந்திப்பதே அறிவுடைமை.

அண்மைக்கால மாற்றங்களில் நன்மையானவற்றையும் சொல்ல வேண்டும். 2017-இல் சரக்கு, சேவை வரி வந்தபோது மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச்சாவடிகள் அகற்றப்பட்டன. 2021 பிப்ரவரியில் 'ஃபாஸ்டாக்' கட்டாயமானபின், சுங்கத்துக்காகக் கட்டுக்கட்டாய்ப் பணத்தைக் கேபினில் வைத்திருக்கும் தேவை குறைந்தது. 2025 அக்டோபர் முதல் தயாரிக்கப்படும் லாரிகளின் கேபின்களுக்குக் குளிர்சாதன வசதி கட்டாயமாகியிருக்கிறது. இது சொகுசு என்று கருத வேண்டியதில்லை. கோடை இரவில் கண்ணாடியை ஏற்றிக் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பதற்கு இது வேண்டும். நெடுஞ்சாலைகளில் ஓட்டுநர்களுக்கென 1,000 நவீன ஓய்விடங்கள் கட்டப்படும் என்று பிரதமர் 2024 பிப்ரவரியில் அறிவித்தார். எண்ணெய் நிறுவனங்கள் தம் பங்க்குகளில் 'அப்னா கர்' என்ற பெயரில் தங்கும் கூடங்களைத் திறந்துவருகின்றன. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், கட்டில் போடுவதுடன் வேலை முடிந்துவிடாது. வண்டிக்குப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல கட்டில் போட்டாலும் ஓட்டுநர் கேபினை விட்டு இறங்கமாட்டார்.

எனவே, செய்ய வேண்டியவை என்ன? முதலாவதாக, புதிய தொழிற்சாலைக்கோ பெருங்கிடங்குக்கோ கட்டட அனுமதி வழங்கும்போது, அங்கு வரும் லாரிகள் இரவில் உள்ளே நிற்பதற்கு இடமும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக்கலாம். திரையரங்குக்கும் திருமண மண்டபத்துக்கும் வாகன நிறுத்துமிடம் கேட்கும் நாம், நாளொன்றுக்கு ஐம்பது லாரிகள் வந்துபோகும் கிடங்கிடம் ஏன் கேட்பதில்லை? இரண்டாவதாக, 'ஹால்டிங்' என்று தொழிலில் சொல்லப்படும் காத்திருப்புக் கட்டணம், வண்டி வாசலை அடைந்த நேரத்திலிருந்தே கணக்கிடப்பட வேண்டும். காத்திருக்க வைப்பதற்கு விலை இருந்தால் கதவு விரைவில் திறக்கும்.

மூன்றாவதாக, நெடுஞ்சாலைகளில் வேலியும் விளக்கும் கண்காணிப்புக் கேமராவும் பொறுப்பேற்கும் காவலரும் கொண்ட கட்டண நிறுத்துமிடங்கள் வேண்டும். கட்டணம் என்றதும் தயங்க வேண்டியதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரவொன்றுக்கு 200 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். பிவண்டிப் பயணத்தில் மூன்று இரவுகளுக்கு 600 ரூபாய். வண்டியில் இருப்பது 20 டன் நூல், அதாவது 20,000 கிலோ. கிலோவுக்கு மூன்று காசு. மூன்று காசைச் சரக்கின் விலையில் சேர்த்தால் எந்த நெசவாளரும் நொடித்துப் போகமாட்டார். எந்தச் சேலையின் விலையும் ஏறியதாகத் தெரியாது. அந்த மூன்று காசைச் சேமிப்பதற்காகவே ஒரு மனிதரை இருட்டில் நிற்க வைத்திருக்கிறோம். இக்கட்டணத்தை ஓட்டுநரின் படியிலிருந்து எடுக்காமல், சுங்கக் கட்டணத்தைப் போலப் பயணச் செலவாக வாடகையில் சேர்ப்பதே முறை.

நான்காவதாக, புகார் கொடுப்பதை எளிதாக்க வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்படி, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியிலும் கொடுக்கலாம், மூன்று நாள்களுக்குள் கையொப்பமிட்டால் போதும். பிவண்டியில் நடந்த திருட்டுக்கு மொழி தெரிந்த சொந்த மாவட்டத்திலேயே புகாரைத் தொடங்க இது வழிசெய்கிறது. இதை எத்தனை ஓட்டுநர்கள் அறிவார்கள்? லாரி உரிமையாளர் சங்கங்கள் தம் அலுவலகங்களில் இதற்கென ஒருவரை அமர்த்தினால், சிறு திருட்டுகளும் பதிவாகும். எந்த இடத்தில், எந்த நேரத்தில் அடிக்கடி நடக்கிறது என்ற வரைபடம் கிடைக்கும். மண்டிதீப் கொலைகளைப் போன்றவை பல்லாண்டுகள் மறைந்திருக்க முடியாது. அவசர அழைப்புக்கு 112, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 ஆகிய எண்கள் ஒவ்வொரு கேபினிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இறுதியாக, உயிரிழப்பு நேர்ந்த குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று. வண்டியைத் திருடும் நோக்கத்தில் ஓட்டுநர் கொல்லப்பட்டால், அதை மோட்டார் வாகனப் பயன்பாட்டில் நேர்ந்த விபத்து மரணமாகக் கருதி இழப்பீடு வழங்க வேண்டும் என்று, ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மனைவியான ரீட்டா தேவி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. 'கொலைக்கு விபத்துக் காப்பீடு கிடையாது' என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பிவிட வேண்டியதில்லை.

அன்று விடைபெறும்போது அந்த ஓட்டுநரிடம், இப்போது இரவில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். கோவையில் ஒரு வங்கியில் பணிபுரியும் அவருடைய மகன், என் பழைய மாணவர், ஓர் ஏற்பாடு செய்திருக்கிறாராம். அப்பா வெளியூரில் வண்டியை நிறுத்தியிருக்கும் நாள்களில், இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து கைப்பேசியில் அழைக்கிறார். 'அப்பா, எழுந்து டேங்கை ஒரு தடவை பார்த்துட்டுப் படுங்க' என்கிறார். தந்தை இறங்கி, டார்ச் விளக்கை அடித்து வண்டியை ஒருமுறை சுற்றி வருகிறார். பிறகு இருவரும் ஆளுக்கு ஓர் ஊரில் தூங்க முயல்கிறார்கள். நூலும் பருப்பும் மருந்தும் குறித்த நாளில் நம்மிடம் வந்து சேர்ந்துவிடுகின்றன. அந்த இரண்டு மணி அழைப்புக்கான செலவை மட்டும் நாம் யாரும் இதுவரை கொடுத்ததில்லை.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு).